பதினேழு டிகிரி

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஜெனரேட்டர் ஓடாத வரைக்கும் இந்த ரூமுல நல்லாப் பேசலாம். ஓட ஆரம்பிச்சா நான் பேசறது எனக்கே கேக்காது.

வினோதா அம்மிணியைப் பத்தியா?

என் பேரையா குடுத்திருக்குது? நல்லாப் பாருங்க. மாடியில இன்னொரு நாச்சிமுத்து இருந்தாரு, கணக்குப் பாத்துட்டு. அவரு போன வருசமே நின்னுட்டாரு. ஏசி, ஜெனரேட்டர் ஆப்பரேட்டர்னே போட்டிருக்குதா. அப்போ நான்தானுங்க. பாருங்களேன். மாடியில நாப்பது பேரு இருக்காங்க, இங்கிலீஸ்ல பேசறவங்க, டை கட்டறவங்க. அவங்களை எல்லாம் விட்டுட்டு என் பேரைக் குடுத்திருக்குது. நெம்பப் பிரியமுங்க என் மேல. எங்க பெரியப்பா மாதிரியே இருக்கீங்கன்னு வந்த முதல் நாளே சொல்லிருச்சு. அதுல இருந்து பெரியப்பாதான்.

சரி, நீங்க சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. அது வேற கம்பெனியில வேலைக்குத் தேறியிருக்குது. அந்தக் கம்பெனிக்காரங்க, இந்தப் பொண்ணு முன்ன இருந்த எடத்துல எப்படின்னு விசாரிச்சுட்டு வான்னு உங்க ஆளுகளை அனுப்பியிருக்காங்க. எங்க ஆபீஸ்ல கேட்டதுக்கு, நேர்மையில குறைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நான் சொல்றதையும் சேத்து நீங்க அனுப்பினா, வெள்ளிக்கெழமை அவங்க முடிவு பண்ணுவாங்க, எடுக்கறதா வேண்டாமான்னு. அவ்வளவுதானே.

நல்ல பொண்ணுன்னு எழுதிக்குங்க.

அதை எழுத எடமில்லையா. என்ன நடந்துச்சுன்னுதான் எழுதணுமா. சரி, சொல்றேன். எனக்கு ஒண்ணும் மறைக்கறதுக்கு இல்லைங்க.

இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்குது பாருங்க, கண்ணாடிக் கதவு, அதுதான் கம்ப்யூட்டர் ரூமு. ஊருல இருக்கற சின்னச் சின்ன ஆஸ்பத்திரி பத்துப் பதினஞ்சோட ரத்த ரிப்போர்ட்டு, மூத்திர ரிப்போர்ட்டு எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்குது. பீரோ மாதிரி வரிசையா நிக்கும். சூடு ஆகாது அதுகளுக்கு. அதுக்குத்தான் ரெண்டு பெரிய ஏசி, ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர். அதைப் பாத்துக்கத்தான் நான். பதினோரு வருசம் ஆச்சு. நான் அஞ்சாவதுதான் படிச்சது. ஆனா காது நல்ல காது. கம்ப்ரசர் போடற சத்தத்தை வெச்சே சொல்லிருவேன், கேஸ் கொறையுதா, பில்ட்டர் அடைச்சிருக்குதா, கெப்பாசிட்டர் போகப் போகுதான்னு. காலையில வந்ததும் உள்ள போய் ஒரு அஞ்சு நிமிசம் சும்மா நிப்பேன். காது கேட்டுக்கும். அதுக்கப்பறந்தான் டீ.

அம்மிணி வந்த பின்னாலதான் மாடியில பெரிய டிவி மாட்டினாங்க. அதுல கட்டங் கட்டமா இருக்கும். எல்லாம் பச்சையா இருந்தா நல்லது. அதைச் செஞ்சது அந்தப் பொண்ணுதான். இது எப்படி அம்மிணி இங்க உக்காந்துட்டே அங்க நடக்கறது தெரியுதுன்னு ஒருநா கேட்டேன். இதோ நீங்க உக்காந்திருக்கற சேர்லதான் உக்காந்து சொல்லுச்சு.

"பெரியப்பா, அந்தப் பெரிய புரோகிராமுக்குச் சொந்தமா ஒண்ணுமே தெரியாது. வெளியில சின்னச் சின்னப் புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன். அதுகளை நிமிசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டு ஓட விடும். ஒண்ணு போய் சூட்டைப் பாக்கும். ஒண்ணு டீசலைப் பாக்கும். ஒண்ணு எடம் எவ்வளவு காலியா இருக்குதுன்னு பாக்கும். பாத்துட்டு வந்து ஒரு நம்பரைச் சொல்லிட்டுச் செத்துப் போயிரும். அடுத்த நிமிசம் மறுபடி பொறந்து போகும்."

நம்ம பொழப்பாட்டத்தான் இருக்குதுன்னேன். சிரிச்சுது.

நம்பரோட ஒரு ஜாடையும் சொல்லணுமாமுங்க. பூஜ்யம்னா நல்லா இருக்கு. ஒண்ணுன்னா கொஞ்சம் கவனி. ரெண்டுன்னா ஆபத்து. மூணுன்னா எனக்குத் தெரியல. பத்து செகண்டுக்குள்ள திரும்பி வரலீன்னா, அனுப்பினது பொறுக்காது, ஆளை முடிச்சுட்டுத் தெரியலன்னு எழுதிக்கும். பச்சை, மஞ்சள், செவப்பு, காவின்னு டிவியில நெறம் மாறும். போன ஆளு பொய் சொன்னா என்ன பண்ணும் உன்ற பெருசுன்னு கேட்டேன். நம்பிக்கும் பெரியப்பா, அதுக்கு வேற வழி இல்லன்னுச்சு. அதனாலதான் சின்னதை எழுதும்போது நெம்பப் பதனமா எழுதணும்னும் சொல்லுச்சு.

இப்படி ஆரு தம்பி எனக்கு உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க. மாடியில இருக்கறவங்க ஏசி கூலா இல்லன்னா மட்டுந்தான் என் பேரைக் கூப்பிடுவாங்க.

போன சித்திரையில நல்ல வெயிலுங்க. உங்களுக்கே தெரியும். சூட்டைப் பாக்கற சென்சார் ஒண்ணு, சுண்டு விரல் அளவு இருக்கும், நீளமா ஒயரு. அதைக் கடைசி பீரோவுக்குப் பின்னால, அதுக மூச்சு விடற எடத்துல கட்டியிருந்துச்சு அம்மிணி. அங்க எப்பவுமே சூடுதான். அதோட ஒயரு அங்க வரைக்கும் எட்டி எட்டாம இழுத்துட்டு நின்னுச்சு. பின்னு லூசாயிரும். மத்தியானமானா ஒண்ணு இருபத்தெட்டுன்னு மஞ்சள் காட்டும், இல்லீன்னா போன ஆளு பதில் கெடைக்காம முழிச்சு காவி காட்டும். காட்டினதும் ரெண்டு போன் அடிக்கும். அம்மிணிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நான் போய் பின்னை அமுத்தி விடுவேன். ஒரு மணி நேரம் நிக்கும். மறுபடி அடிக்கும்.

நீள ஒயரு வேணும்னு அம்மிணி எழுதிக் குடுத்துச்சு. ஏசி இன்னொண்ணு வேணும்னும் எழுதிக் குடுத்துச்சு. சிபி சார்தான் மேனேஜர், அவரு பாக்கலாம் பாக்கலாம்னாரு. அவருக்கு அந்த டிவிதான் கவலை. ஆஸ்பத்திரிக்காரங்களைக் கூட்டிட்டு வந்து அது முன்னாலதான் நிறுத்திப் பேசுவாரு. ஒருநா பேசிட்டு இருக்கும்போதே காவி வந்துருச்சு. வந்தவங்க அது என்னன்னு கேட்டுட்டாங்க. அவங்க போன பின்னால அம்மிணியைக் கூப்பிட்டு, தெரியலன்னு வந்தா அதையும் பச்சையாக் காட்டற மாதிரி மாத்திருன்னாரு. நான் அப்போ மேல ஏசி கிரில் கழட்டிட்டு ஏணியில நின்னுட்டு இருந்தேன், எல்லாம் காதுல விழுந்துச்சு.

"சார், தெரியலன்னு சொல்றது தப்பில்ல. தெரியாம நல்லா இருக்குன்னு சொல்றதுதான் தப்பு. அதை நான் எழுத மாட்டேன்."

அப்படியே சொல்லுச்சுங்க. அவரு மூஞ்சி எப்படி ஆச்சுன்னு ஏணியில இருந்த எனக்குத் தெரியல. அதுல இருந்து தினமும் ஒரு ஏச்சு. வேலை பாக்கத் தெரியல, சும்மா அலாரம் அடிக்க வெக்கத் தெரியும்பாரு. அது கீழ வந்து இந்த ரூமுல உக்காந்து டீயைக் குடிக்காமயே ஆற வெச்சிட்டு இருக்கும். எனக்குப் பாக்கச் சகிக்கல தம்பி.

அம்மிணிக்கு ஒருநா லீவு, அக்கா பொண்ணுக்குச் சீருன்னு புளியம்பட்டிக்குப் போயிருந்துச்சு. அன்னைக்கு ஏசிக்கு சர்வீஸ் நாளு. ரெண்டு ஏசிக்கும் பில்ட்டர் கழுவி மாட்டிட்டு நான் யோசிச்சேன். இந்தச் சென்சாருக்கு என்ன நோவு? ஒயரு எட்டல, சூட்டுல கெடக்குது. அவ்வளவுதானே. எடுத்துட்டு வந்து ஒண்ணாம் நம்பர் ஏசியோட காத்து வாயிக்கு நேரா ஒரு டேப் போட்டு ஒட்டினேன். ஒயரு தாராளமா எட்டுச்சு. பின்னு ஆடவே இல்ல. நாங்க ஏசிக்காரங்க எப்பவுமே அப்படித்தானுங்க பாப்போம். வீட்டுக்கு சர்வீசுக்குப் போனா தெர்மாமீட்டரை நேரா வாயில புடிச்சுக் காட்டுவோம், பாருங்க பதினேழுன்னு. பாத்ததும் வீட்டுக்காரங்களுக்குத் திருப்தி. நாப்பது வருசமா இதே கைதான்.

மறுநா வந்துச்சு. டிவியைப் பாத்துட்டு ஓடியாந்துச்சு கீழ.

"என்ன பெரியப்பா, பதினேழு காட்டுது?"

பில்ட்டர் கழுவினேன் அம்மிணின்னேன். கழுவினது நெசந்தானே. உங்க கை பட்டா எல்லாம் சரியாயிரும்னு சொல்லிட்டுப் போச்சு. அன்னைக்கு டீயைச் சூடா குடிச்சுது.

அதுக்கப்பறம் இருபத்தி நாலு நாளு. ஒரு போன் இல்ல. ஒரு காவி இல்ல. சிபி சார் சிரிச்சுட்டே போவாரு. நல்ல நாளுக தம்பி அதெல்லாம். போன் அடிக்காததுனால நானும் நிம்மதியா இருந்தேன். காலையில வந்ததும் மேல ஏறி டிவியைப் பாப்பேன். பதினேழு, பச்சை. சரின்னு வந்துருவேன். உள்ள போய் நிக்கறதைக் கூடக் கொஞ்சங் கொஞ்சமா விட்டுட்டேன். கம்ப்யூட்டரே சொல்லும்போது நாம எதுக்குக் காதைக் குடுத்துட்டு நிக்கறது.

ஒரு ஞாயித்துக்கெழமை. அன்னூருல எங்க பங்காளி வீட்டுல காது குத்து. ஞாயிறு நான் ஒருத்தன்தான். பதினோரு மணிக்கு டிவியைப் பாத்தேன், பதினேழு. போய் சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கெல்லாம் வந்தர்லாம்னு போனேன். மட்டன் நல்லா இருந்துச்சு. அங்க இருக்கும்போதுதான் சிபி சார்கிட்ட இருந்து போன் வந்துச்சு, ஆஸ்பத்திரியில ரிப்போர்ட்டு எதுவும் தெறக்க மாட்டேங்குதாம்னு. வந்து பாத்தா ரெண்டாம் நம்பர் நின்னு எவ்வளவு நேரமோ ஆயிருக்குது. கெப்பாசிட்டர் போயிருச்சு. ஒண்ணாம் நம்பர் பாட்டுக்கு ஓடிட்டு இருக்குது, ஆனா ஒண்ணு மட்டும் ஓடி அந்த வெயிலுக்கு என்ன பத்தும். கதவைத் திறந்தா அடுப்பங்கரை மாதிரி அடிக்குது. கடைசி ரெண்டு பீரோ செத்துப் போச்சு. டிவியில என்னன்னு கேக்கறீங்களா. பதினேழுதான். பச்சை.

நாலு நாளு ரிப்போர்ட்டு போயிருச்சுங்க. திரும்ப எடுக்க முடியல. மூணு ஆஸ்பத்திரியில நோயாளிகளை மறுபடி கூப்பிட்டு மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்களாம். ஒரு அம்மாவுக்கு ஆப்பரேசனே தள்ளிப் போச்சுன்னு பேப்பர்ல போடலாம்னு இருந்தாங்க, சிபி சார் போய்ப் பேசி நிறுத்தினாரு.

அன்னைக்கே கம்ப்யூட்டர்க்காரங்க வர்றாங்க, பீரோவை எல்லாம் இழுத்துப் போடுவாங்கன்னாங்க. சென்சார் அவங்க கால்ல மிதிபட்டுரும்னு டேப்பைப் பிரிச்சு எடுத்துட்டுப் போய், அம்மிணி கட்டியிருந்த பழைய எடத்துலயே கட்டி வெச்சேன். பின்னையும் அழுத்தி விட்டேன். அது வெச்ச சாமான் அது வெச்ச எடத்துல இருக்கணுமில்ல. எனக்கு எப்பவுமே எதை எடுத்தாலும் எடுத்த எடத்துல வெச்சாத்தான் கை சும்மா இருக்கும்.

மூணாம் நாளு மெட்ராசுல இருந்து விசாரணைக்கு மூணு பேரு வந்தாங்க. சென்சாரைப் பாத்தாங்க, சரியான எடத்துல இருக்குது. சோதிச்சுப் பாத்தாங்க, சரியாத்தான் சொல்லுது. அப்போ தப்பு எங்க இருக்குதுன்னா அம்மிணி எழுதின புரோகிராமுலதான்னு ஆயிருச்சு. காவி வராம இருக்க, எப்பப் பாத்தாலும் பதினேழுன்னு சொல்ற மாதிரி மாத்தி வெச்சுட்டு அப்பறம் அழிச்சுருச்சுன்னு. சிபி சாரும் சொல்லியிருக்காரு, நெறம் மாறினாத் திட்டுவேன்னு பயந்து அந்தப் பொண்ணு பண்ணியிருக்கும்னு. அம்மிணி தலைகீழா நின்னுச்சு. என் புரோகிராம் பாத்ததைத்தான் சொல்லுச்சு, பாக்காததைச் சொல்லாதுன்னு. ஆரு கேக்கறாங்க.

என்னையும் கூப்பிட்டாங்க. சேர் போட்டு உக்கார வெச்சாங்க, மரியாதையாத்தான். ஞாயித்துக்கெழமை டிவியில என்ன காட்டுச்சுன்னாங்க. பதினேழுன்னேன். நெறம்? பச்சை. ஏசி சர்வீஸ் ஆகியிருந்துச்சா? ஆச்சுங்க, சீட்டு இருக்குதுன்னேன். அலாரம் வந்துச்சா? இல்லைங்க. சரி, இதுல கையெழுத்துப் போடுங்கன்னாங்க. போட்டேன். கேட்டது எல்லாத்துக்கும் நெசத்தைத்தான் சொன்னேன் தம்பி. ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை கொறைக்கல. எனக்கு ஒண்ணும் ஆகல. நல்லாப் பதில் சொன்னீங்கன்னு சிபி சார் தோளைத் தட்டினாரு.

சென்சாரை நகத்தினதைச் சொன்னீங்களான்னு கேக்கறீங்க.

அவங்க அதைக் கேக்கலைங்க.

அம்மிணியை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. கடைசி நாளு கீழ வந்துச்சு. பையை மாட்டிட்டு நின்னுட்டே பேசுச்சு. உக்காரல. கண்ணு வீங்கியிருந்துச்சு, ஆனா அழுகல.

"பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சென்சாரு நான் கட்டின எடத்துலதானே இருந்துச்சு?"

"போய்ப் பாரு அம்மிணி, நீ கட்டின எடத்துலதான் இருக்குது."

அப்படித்தான் சொன்னேன். இருந்துச்சே. என்னையே கொஞ்ச நேரம் பாத்துச்சு. நான் ஜெனரேட்டருக்கு ஆயில் பாத்துட்டு இருந்தேன், கையெல்லாம் ஆயிலு. சரிங்க பெரியப்பான்னு சொல்லிட்டுப் போயிருச்சு. போய்ப் பாக்கவும் இல்ல. அதுக்கப்பறம் ரெண்டு மூணு தடவை போன் போட்டேன், எப்படி இருக்கே அம்மிணின்னு கேக்கலாம்னு. எடுக்கல. எனக்கு அதுல ஒரு வருத்தந்தான். அதுக்காக அதைத் தப்பாச் சொல்ல மாட்டேன். எட்டு மாசம் வேலை இல்லாம இருந்திருக்குதுன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்.

அவங்க அக்காவும் ஒண்ணும் வசதியில்லைங்க. இதுவும் போச்சுன்னா என்ன பண்ணும்.

என்ன தம்பி இவ்வளவு நேரம் எழுதறீங்க. நான் ஏதோ ஏசிக் கதையெல்லாம் சொல்லிட்டு இருக்கேன், அதையும் எழுதிட்டீங்களா. நல்ல பொண்ணு, வேலையில சுத்தம், அதை எங்கயாச்சும் சேருங்க. சேத்துட்டீங்களா. எங்க, வாசிங்க பாக்கலாம். மெதுவா வாசிங்க, எழுத்துத் தமிழ் எனக்குக் கொஞ்சம் மெல்லத்தான் ஏறும்.

"வினோதா விடுப்பில் இருந்த நாளில், ஏசி ஆப்பரேட்டர் நாச்சிமுத்து, வெப்பம் அளக்கும் சென்சாரை இடம் மாற்றி வைத்தார். விபத்துக்குப் பின் பழைய இடத்திலேயே பொருத்தினார். இரண்டையும் வினோதாவிடமோ, விசாரணைக் குழுவிடமோ தெரிவிக்கவில்லை."

ம்.

இன்னொருக்கா வாசிங்க.

யாரோ எவனோ ஒருத்தனைப் பத்திப் படிக்கற மாதிரி இருக்குதுங்க. இத்தனை நாளு மனசுக்குள்ள சொல்லிப் பாத்திருக்கேன், இப்படிக் கேக்கலையே. நீங்க வாசிச்சாத்தான் கேக்குது.

தண்ணி குடிக்கறீங்களா. எனக்கு வேண்டாம், உங்களுக்குத்தான் கேட்டேன்.

இல்ல, எழுதினதை அடிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். இந்தப் பேப்பர் அங்க போனா அம்மிணிக்கு வேலை கெடைக்குமா? நீங்க சொல்ல முடியாது. சரி. போகலீன்னா கெடைக்காது, அது சொல்லலாமில்ல. அப்போ போகட்டும். ஆனா இதை எங்க ஆபீசுக்கும் அனுப்புவாங்களா? கேட்டா அனுப்புவாங்களா. பங்குனியோட என் காண்ட்ராக்ட் முடியுது. சிபி சார் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வருசம். அதெல்லாம் நீங்க எழுத வேண்டாம், உங்களுக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஆனா ஒரு வரி சரியில்லைங்க. அதை மட்டும் மாத்தணும். இடம் மாற்றி வைத்தார்னு போட்டிருக்கீங்க. அப்படிப் போட்டா, கூட்டும்போது தொடப்பம் பட்டு நகந்துருச்சுன்னு நெனப்பாங்க. நாப்பது வருசம் ஏசி பாத்தவன் தம்பி நான். காத்து வாயில வெச்சா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதா. நல்லா இருக்குன்னு சொல்ற எடமாப் பாத்து வெச்சேன்னு எழுதுங்க.

ஆமா. அப்படியே. பாத்து வெச்சேன்னு.

பேனாவைக் குடுங்க. இங்கயா? முழுப் பேரும் எழுதறேன், மா. நாச்சிமுத்து. ஆப்பரேட்டர்னும் போட்டுடறேன், மாடியில இருந்த அந்த நாச்சிமுத்துன்னு யாரும் நெனச்சுக்கக் கூடாது, பாவம். தேதி என்ன தம்பி இன்னைக்கு?